உதடு மூடிப் பிறக்கும் எழுத்து

போடிமெட்டு, மேல் தோட்டம்
12 ஜூன் 2023

சுந்தரத்துக்கு,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். மகன் வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. இருந்தாலும் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன்.

மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். கல்யாணமான நாளிலிருந்து ஒத்துக்கொண்ட குளிர் இந்தச் சித்திரையில்தான் பகையாகிவிட்டதா? சித்திரையில் இங்கே குளிரே கிடையாது. என்ன கோபம் என்று நானே யோசித்துப் பார்த்தேன். நீ போவதற்கு இரண்டு நாள் முன்னால் உனக்கு உடம்புக்கு முடியாமல் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் கேட்டாய். வாந்தி வருகிறதென்று ஓடிப்போய் அடுக்களையிலிருந்து பாத்திரத்தை எடுத்துவந்து உன் தாடைக்குக் கீழே ஏந்திப் பிடித்தேன். நீ அதைத் தட்டிவிட்டாய். என் கால்மேல்தான் விழுந்தது. நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. மூட்டுவலியோடு ஓடியவனுக்கு நீ செய்த மரியாதை அது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதவன்மேல் என்ன கோபம்?

ஜெகதீஷ் என்னை செல்போனில் எழுத்தைத் தட்டச் சொல்கிறான். என் கட்டைவிரல் ஒரே தடவையில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. போனில் நீ பேசினாலும் என் காதில் விழாது. ஆகவே கடிதம். ஜீப் ஓட்டும் மாசானத்திடம் கொடுத்தனுப்புகிறேன். உறையைப் பார்த்ததும் அவன் பல் முழுவதையும் காட்டி, "என்ன பெரியப்பு, லவ் லெட்டரா?" என்றான். உதட்டைப் பார்த்தே படித்துவிட்டேன். "ஓட்டுற சோலியப் பாருடா" என்றேன்.

எப்போது வருகிறாய் என்று எழுது. நான் கேட்கவில்லை, ஏலக்காய் எடுக்க வரும் ராஜாத்தி கேட்கிறாள்.

உக்கிரபாண்டி


போடி
17 ஜூன் 2023

ஜெகதீஷ் அப்பா அவர்களுக்கு,

சுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நகத்துக்கு மஞ்சள் பற்றுப் போடுங்கள், கறுப்பு இறங்கும்.

குளிர் ஒத்துக்கொள்ளாமல்தான் வந்தேன். பாத்திரத்தைத் தட்டியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கை தெரியாமல் பட்டுவிட்டது.

ஜெகதீஷ் மதுரையில் ஒரு காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் சின்னக் கருவி ஒன்றை வைத்து, வெளியே ஒரு மிஷினை மாட்டுகிறார்களாம். கெட்டுப்போன காதைத் தாண்டி அது நேரே நரம்புக்குச் சத்தத்தை அனுப்புமாம். நீங்கள் முன்பு மாட்டிக் கழற்றி எறிந்த மிஷின் மாதிரி விசில் அடிக்காதாம். அறுபத்தொன்பது வயதெல்லாம் ஒரு வயதில்லை என்றாராம்.

ஆபரேஷனுக்குச் சரி என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்கே மலையேறுகிறேன். எழுதாதவரை இங்கேதான் இருப்பேன். மருமகள் முத்துப்பிரியாவுக்கும் ஒத்தாசையாக இருக்கிறது.

குழம்பில் உப்பைக் குறையுங்கள். ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டு முழுக்கக் காய்ந்தபின் போடுங்கள்.

இப்படிக்கு
சுந்தரம்மாள்


மேல் தோட்டம்
2 ஜூலை 2023

சுந்தரத்துக்கு,

நான் சுகம். ஸ்வெட்டர் காயவில்லை, மழை. நீ சுகமா?

நீ எட்டாவது படித்தவள். நான் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக்கூரையைத்தான் பார்த்தேன். பழைய பேப்பர் கடையிலிருந்து பொட்டலம் கட்ட வந்த அறிவியல் மாத இதழ்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் நான் இந்த அளவுக்கு வந்தவன். ஆகையால் நான் சொல்வதை டாக்டரிடம் காட்டு.

மூளையில் காலி மனை கிடையாது. கண் போனவனுக்குப் பார்வைக்கென்று இருந்த இடத்தை விரல் வந்து எடுத்துக்கொள்கிறது. அவன் தொட்டே படித்துவிடுகிறான். பட்டா யார் பெயரில் இருந்தாலும் சரி, வந்து குடிசை போட்டவனுக்குத்தான் இடம். என் காதின் மனையில் இப்போது காலும் கண்ணும் குடியிருக்கின்றன. மாசானத்தின் ஜீப் வளைவில் திரும்பும்போதே என் பாதத்துக்குத் தெரிகிறது. நாய் குரைப்பதை அதன் வயிற்றைப் பார்த்துச் சொல்வேன். உதட்டைப் பார்த்து எவன் என்ன பேசினாலும் படிப்பேன்.

இருட்டுக் குகைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஒருவகை மீனுக்குக் கண்ணே இல்லாமல் போய்விட்டது. அது தண்ணீரின் அசைவை உடம்பால் அறிந்து நீந்துகிறது. அந்த மீன் எந்த டாக்டரிடமும் போய் நிற்கவில்லை.

உடம்பு பழகிக்கொள்ளும். எனக்கு ஆபரேஷன் வேண்டாம்.

உக்கிரபாண்டி


போடி
7 ஜூலை 2023

ஜெகதீஷ் அப்பா அவர்களுக்கு,

நலம். உங்கள் சுகத்தை மாசானத்திடம் கேட்டேன். மெலிந்துவிட்டீர்கள் என்றான்.

அந்த மீனுக்குப் பெண்டாட்டி இருந்தாளா என்று அந்த இதழில் போட்டிருந்ததா?

உங்கள் உடம்பு பழகிக்கொண்டது. என் உடம்பு பழகவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் நீங்கள் திரும்புவதில்லை. ஒவ்வொன்றுக்கும் உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்க வேண்டும். நடக்க முடிகிறவரைக்கும் வந்து நிற்கலாம்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு எனக்கு வாந்தி வரவில்லை. நெஞ்சு அடைத்தது. நான் பாத்திரம் கேட்கவில்லை. மாத்திரை கேட்டேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. மாடத்தில், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. நீங்கள் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு, "எடுத்துரு தாயி, எடுத்துரு, சரியாப் போயிரும்" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். சல்லடையைத் திருப்பிக் கொடுக்க ராஜாத்தி வந்தாள். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

நீங்கள் அவ்வளவு அன்பாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. ஜெகதீஷிடம்கூட. ராஜாத்தியிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் இறங்கி வந்தேன்.

சுந்தரம்மாள்


மேல் தோட்டம்
20 ஆகஸ்ட் 2023

சுந்தரத்துக்கு,

உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? மாத்திரையை முந்தானையில் முடிந்துவைத்துக்கொள். மாடத்தில் வைக்காதே.

பதில் எழுத நாளாகிவிட்டது. மழை என்று வைத்துக்கொள்.

அன்று நடந்தது என் தவறல்ல. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு வார்த்தையையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ம, ப இரண்டும் உதடு மூடித்தான் பிறக்கின்றன. ஒன்று மூக்கு வழியாகப் போகிறது என்பது காதுள்ளவனுக்குத்தான் தெரியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இதை மொழியை உண்டாக்கியவன் யோசித்திருக்க வேண்டும். நானல்ல.

இன்னொன்று எழுதுகிறேன். படித்துவிட்டு யாரிடமும் சொல்லாதே. சத்தம் எனக்கு நிறமாகத் தெரியும். பிறந்ததிலிருந்தே அப்படி. சிறுவயதில் சிலமலைக் கோயில் மணி மஞ்சளாக அடிக்கிறது என்று எங்கள் ஐயாவிடம் சொன்னேன். என்னை வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனார். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. இது நோயல்ல, சிலர் இப்படிப் பிறக்கிறார்கள், அவர்கள் மூளையில் இரண்டு மனைக்கு நடுவே வேலி இருப்பதில்லை என்று ஐம்பது வயதுக்கு மேல் ஓர் இதழில் படித்தேன்.

காது குறையக் குறைய நிறங்களும் போயின. மணி போயிற்று. மழை போயிற்று. ஜெகதீஷ் குரல் செங்கல்பொடி நிறம், அதுவும் போயிற்று. உன்னுடையது மட்டும் போகவில்லை. சத்தமே இல்லாவிட்டாலும் உன் உதடு அசைந்தால் வருகிறது. ஏலப்பூவின் வெள்ளை இதழ் நடுவில் ஓர் ஊதாக் கீற்று ஓடுமே, அது. நீ திட்டும்போது கீற்று தடிக்கும். கதை பேசும்போது இழை இழையாகப் பிரியும்.

புதுக் கருவி புதுச் சத்தத்தைக் கொண்டுவரும். அந்த மனைக்குப் புது ஆள் வந்தால் ஊதா அங்கே இருக்குமா, வெளியேறுமா என்று எந்த இதழிலும் போடவில்லை. கத்திக்கு நான் பயப்படவில்லை. இதுதான் சங்கதி.

செப்டம்பரில் நாள் வாங்கச் சொல் ஜெகதீஷை. மாத்திரைக்காகத்தான். வேறு எதற்கும் நான் இறங்கி வரவில்லை.

உக்கிரபாண்டி


போடி
23 ஆகஸ்ட் 2023

ஜெகதீஷ் அப்பா அவர்களுக்கு,

நெஞ்சு நன்றாக இருக்கிறது. மாத்திரை முந்தானையில் இருக்கிறது.

கடிதத்தை அடுப்படியில் வைத்துப் படித்தேன். முத்துப்பிரியா பார்த்துவிட்டு, "என்னத்தே, அழுகுறீகளா சிரிக்கிறீகளா?" என்றாள். "வெங்காயம் உரிச்சேன்" என்றேன். அன்றைக்கு வெங்காயமே போடாத கூட்டு.

இவ்வளவு நாளும் "வாய மூடுடி" என்று என்னைச் சொன்னவர் எந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

அது போய்விடுமோ என்று இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வாருங்கள்.

சுந்தரம்மாள்


மேல் தோட்டம்
18 அக்டோபர் 2023

ஜெகதீஷ் அப்பா அவர்களுக்கு,

தையல் போட்ட இடம் அரிக்கிறதா? சொறியக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவில் வையுங்கள்.

சொன்னபடி மலையேறிவிட்டேன். ஏறிய இடத்தில் நீங்கள் இல்லை, அது வேறு விஷயம். நீங்கள் அங்கே காதுப் பயிற்சிக்காக இருக்கவேண்டும். இங்கே காய் எடுப்பை யாராவது பார்க்கவேண்டும். ராஜாத்தி இரவில் துணைக்குப் படுத்துக்கொள்கிறாள். குறட்டை விடுகிறாள். அது என்ன நிறமோ.

ஒன்று கேட்கவேண்டும். மதுரையில் அந்தக் கருவியை முதன்முதலாக முடுக்கிய அன்று டாக்டர் என்னைப் பேசச் சொன்னார். "கேக்குதா?" என்றேன். தலையாட்டினீர்கள். வெளியே வந்து, "என்ன நெறம்?" என்று கேட்டேன். "அதேதான்" என்றீர்கள். அப்போது உங்கள் கண் என் முகத்தில் இல்லை, சுவரில் இருந்த நாட்காட்டியில் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, "உப்புமா நல்லா இருக்கு" என்று சொன்னபோதும் இப்படித்தான் எங்கோ பார்த்தீர்கள். அதில் உப்பே இல்லை.

உண்மையை எழுதுங்கள்.

சுந்தரம்மாள்


போடி
5 நவம்பர் 2023

சுந்தரத்துக்கு,

தலை அரிக்கிறது, சொறியவில்லை. நீ சுகமா? குறட்டைக்கு நிறம் எல்லாம் கேட்காதே.

உண்மை வேண்டுமென்றால் எழுதுகிறேன். நீ பேசியது தகரத்தில் ஆணியை உருட்டியதுபோல் இருந்தது. ஜெகதீஷ் பேசினாலும் அதே ஆணி. நிறம் எதுவும் இல்லை. சரி, சத்தத்துக்கு வராவிட்டால் போகிறது, உதட்டுக்காவது வரும் என்று நீ ஜீப்பில் ஏறுகிறவரை உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் வரவில்லை. உன் உதடு அசைந்தது. வெறும் உதடு.

நான் சொன்னது நடந்துவிட்டது. இருந்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்? மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். ஜெகதீஷ் கத்துகிறான் போலிருக்கிறது. நல்லவேளை, கேட்கவில்லை.

உக்கிரபாண்டி


மேல் தோட்டம்
20 நவம்பர் 2023

ஜெகதீஷ் அப்பா அவர்களுக்கு,

நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று தோட்டத்துக்குள் போனேன். பூ முடிகிற காலம். செடிக்கு அடியில் மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரத்தில் ஒன்றிரண்டுதான் இருந்தன. இத்தனை வருடமும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. ஒன்றைப் பறித்துவந்து கண்ணாடி முன்னால் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். ராஜாத்தி வந்துவிட்டாள். "என்னக்கா, பூவோட பேசுற?" என்றாள். "பல்லுல ஒட்டிக்கிருச்சு" என்றேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

போனால் போகட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அழகாக இருக்கிறது. அது போனது எனக்கும் நட்டம்தான்.

ஆனாலும் மிஷினை மாட்டுங்கள். மூளைக்குப் பழக மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். காலுக்கும் கண்ணுக்கும் இடம் கொடுத்த மூளை இந்த ஆணிச் சத்தத்துக்குக் கொடுக்காதா? உங்களுக்கு நான் ஊதாவாக இருக்க வேண்டாம். நான் கூப்பிட்டால் நீங்கள் திரும்பவேண்டும். எனக்கு அது போதும்.

சுந்தரம்மாள்


போடி
15 டிசம்பர் 2023

சுந்தரத்துக்கு,

சாப்பிடுகிறேன். நீ நெஞ்சைப் பார்த்துக்கொள். ஏற்றத்தில் வெரசாக நடக்காதே.

மாட்டியிருக்கிறேன். நீ சொன்னாய் என்பதற்காக அல்ல. கழற்றி வைத்தால் முத்துப்பிரியா என் தட்டில் சோறு வைக்க மறுக்கிறாள். தினமும் சாயங்காலம் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு வார்த்தை சொல்கிறாள். நான் திருப்பிச் சொல்லவேண்டும். "மாடு" என்றாள். "பாடு" என்றேன். "பாடவா மாமா?" என்று கேட்டு அவளே சிரித்தாளாம், ஜெகதீஷ் எழுதிக் காட்டினான். போன வாரத்திலிருந்து ம தனியாக, ப தனியாகப் பிரிகிறது. ம கொஞ்சம் கனமாக வருகிறது. மாத்திரை என்று சொல்லச் சொன்னேன். பத்துத் தடவை சொல்லவைத்தேன். தப்பவில்லை.

கண் இன்னும் மனையைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. யாராவது பேசினால் உதட்டுக்குத்தான் முதலில் ஓடுகிறது. காதுக்கும் கண்ணுக்கும் வழக்கு நடக்கிறது.

காலையில் மாடியில் ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று யோசித்து யோசித்து, காக்காய் என்று கண்டுபிடித்தேன். காக்காய் முன்பு எனக்கு எலுமிச்சைப் பச்சை. இப்போது அதற்கும் ஒரு நிறமும் இல்லை.

பொங்கலுக்கு வா.

உக்கிரபாண்டி


மேல் தோட்டம்
19 ஜனவரி 2024

ஜெகதீஷ் அப்பா அவர்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். பொங்கலுக்கு வந்தது சந்தோஷம். வீட்டுக்குள் எதிரே உட்கார்ந்து பேசும்போது நன்றாகத்தான் பதில் சொன்னீர்கள். நானும் நம்பிவிட்டேன்.

ஜீப் நிற்கும் இடத்தில் என்னை ஏற்றிவிட்டு நீங்கள் நடந்தீர்கள். உங்கள் பேட்டரி டப்பா என் பையில் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கூப்பிட்டேன். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இரண்டு தடவை. நீங்கள் நின்றீர்கள். செருப்பைச் சரிசெய்தீர்கள். திரும்பவில்லை. டீக்கடைக்காரரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மெட்டு வரை அழுதுகொண்டு வந்தேன். மாசானம், "வாந்தியா பெரியம்மா, நிறுத்தவா?" என்று கேட்டான்.

நான் கேட்டுத்தான் உங்கள் தலையைக் கீறினார்கள். நான் கேட்டுத்தான் உங்களிடம் இருந்த ஒன்றும் போனது. கூப்பிட்டால் திரும்புவதும் நடக்கவில்லை. இனி உங்களை நச்சரிக்க மாட்டேன். மிஷின் வேண்டாம் என்றால் கழற்றிவிடுங்கள். மேலே வந்துவிடுங்கள். ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், எழுதிக் காட்டிக்கொள்ளலாம்.

சுந்தரம்மாள்


போடி
22 ஜனவரி 2024

சுந்தரத்துக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுது.

நீ கூப்பிட்டது கேட்டது. முதல் தடவையே கேட்டது. லாரி ஹாரன், டீக்கடைப் பாட்டு, மெட்டுக்கு ஆள் ஏற்றும் கூச்சல், அவ்வளவுக்கும் நடுவில் கேட்டது.

நீ "ஏங்க" என்று கூப்பிடவில்லை. "ஜெகதீஷ் அப்பா" என்றும் கூப்பிடவில்லை. "உக்கிரபாண்டி" என்று கூப்பிட்டாய்.

ரேஷன் கடையில் என் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்கிறவள் நீ. ஓட்டுப் போடும் இடத்தில் சீட்டை நீட்டிக் காட்டுகிறவள். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து உன் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அது யார் குரல் என்று யோசிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் இரண்டாவது தடவை, "ஏ உக்கிரபாண்டி, நில்லுய்யா" என்றாய். தடுமாறாமல், கூசாமல் வந்தது. நேற்றுப் பழகியவள் அப்படிக் கூப்பிட முடியாது. எனக்குக் காது போன இத்தனை வருடமும் என் முதுகுக்குப் பின்னால் நீ இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். ராஜாத்திக்குத் தெரியும். மாசானத்துக்குத் தெரியும். நாய்க்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியாது. இதை நான் சும்மா விடப்போவதில்லை.

ஏன் திரும்பவில்லை என்று கேட்பாய். திரும்பியிருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு "ஏங்க" என்று மாற்றியிருப்பாய். செருப்பில் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை கூப்பிடுவாய் என்று நின்றேன். மாசானம் வண்டியை எடுத்துவிட்டான்.

ஒரு நிறம் வந்தது. ஊதா இல்லை. ஊதாவையே தேடிக்கொண்டிருந்து, இனி நிறமே வராது என்று இவ்வளவு நாளும் உட்கார்ந்திருந்தேன். இந்த வார்த்தைக்குப் பழைய நிறம் என்று ஒன்று கிடையாது. நீ சொல்லி நான் கேட்டிருந்தால்தானே இருக்கும்? அதனால் மூளை புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதும் அதே நிறம்தான் வந்தது. என்ன நிறம் என்று எழுத மாட்டேன். இதற்கு முன் நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை மாசானத்தின் ஜீப்பில் வருகிறேன். வாசலுக்கு வந்து எதிரே நிற்காதே. அடுப்படியிலேயே இரு. நான் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்குவேன்.

உக்கிரபாண்டி